பாம்பன் கரையிலிருந்து பாராமெட்ரிக் முதுகலைக்கு: இராமநாதபுரம் கடலோர மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பாராமெட்ரிக் கட்டட வடிவமைப்பில் (அளவை மாற்றினால் வரைபடமும் தானே மாறும் முறை) முதுகலை படிக்க நினைக்கும், பி.ஆர்க் கடைசி ஆண்டில் இருப்பவர்களுக்கும், படித்து முடித்து ஓரிரு ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கும் எழுதியது இது. வெளிநாட்டில் செப்டம்பர், அக்டோபரில் வகுப்பில் உட்கார வேண்டுமென்றால் முந்தின ஆண்டு ஏப்ரலிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். நம் கடலோரத்தின் ஆண்டுச் சுழற்சிக்கும் இது பொருந்தி வருகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், வலை பழுதுபார்ப்பு நாள் முழுக்க நடக்கும், ஆட்கள் நின்று பேசுவார்கள். களத் தரவு எடுக்க அதைவிட நல்ல காலம் கிடையாது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஜூலை முதல் செப்டம்பர் வரை கணினி வேலை. வாடைக் காற்றும் மழையுமாக இருக்கும் அக்டோபரிலிருந்து போர்ட்ஃபோலியோ (உங்கள் படைப்புத் தொகுப்பு), கடிதங்கள், விண்ணப்பம்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறோம். தேர்வுக் குழுக்கள் வளைந்து நெளிந்த கோபுரப் படங்களை ஆண்டுதோறும் கட்டுக்கட்டாகப் பார்க்கின்றன. உப்புக் காற்று, கூரையைப் பிய்க்கும் சுழிக்காற்று, உச்சி வெயில், கோணலான பனங்கை (பனைமரக் கூரைச் சட்டம்) என்று ஒரு கரையின் பிரச்சினையை எண்களாக மாற்றி, அந்த எண்களிலிருந்து வடிவம் பிறப்பதைக் காட்டும் விண்ணப்பம் அரிது. அந்தப் பிரச்சினைகள் எல்லாம் உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன.

படி 1: எதைப் படிக்கப் போகிறோம் என்ற தெளிவு

பாராமெட்ரிக் வடிவமைப்பில் நீங்கள் கோடுகளை வரைவதில்லை, கோடுகளுக்கு இடையிலான உறவை எழுதுகிறீர்கள். அகலம், உயரம், வெயில் கோணம் ஆகியவை மாறினால் வரைபடம் தானே மறுபடி வரையப்படும். இத்தாலியக் கட்டடக்கலைஞர் லூயிஜி மொரெட்டி 1940-களிலேயே இப்படிச் சிந்தித்தார். 1960 மிலான் டிரியனாலே கண்காட்சியில் விளையாட்டரங்க மாதிரிகளாகக் காட்டினார். கணினித் திரையில் வரைய வைத்த இவான் சதர்லண்டின் ஸ்கெட்ச்பேட் நிரல் 1963-இல் வந்தது. பெட்டிகளைக் கம்பிகளால் இணைத்து நிரல் எழுதும், இன்று எல்லோரும் கற்கும் கிராஸ்ஹாப்பரை டேவிட் ரட்டன் 2007-இல் உருவாக்கினார். கட்டடக்கலைஞர் பேட்ரிக் ஷூமாக்கர் 2008-இல் 'பாராமெட்ரிசிசம்' என்று ஒரு பாணியாகவே அறிவித்தார். முறை வேறு, பாணி வேறு. நான்கு மூலைச் சதுரமான மீன் ஏலக்கூடத்தையும் பாராமெட்ரிக்காக வடிவமைக்கலாம். நேர்காணலில் இந்த வேறுபாட்டைக் குழப்பினால் அடுத்த கேள்வி கடினமாக வரும்.

படி 2: படிப்பைத் தேர்ந்தெடுத்தல்

பெயர்கள் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே நான்கு வகை இருக்கிறது.

வடிவ ஆராய்ச்சி முதல் வகை. லண்டன் ஏஏ (ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன்) பள்ளியின் டிசைன் ரிசர்ச் லேபரட்டரி 16 மாத எம்.ஆர்க், பெரும்பாலும் குழுவாகத்தான் வேலை. அதே பள்ளியின் எமர்ஜென்ட் டெக்னாலஜீஸ் படிப்பை 12 மாத எம்.எஸ்சி-யாகவோ 16 மாத எம்.ஆர்க்காகவோ படிக்கலாம்.

செய்முறை, ரோபோ, பொருள் ஆகியவை இரண்டாம் வகை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் ஐடெக் எனப்படும் எம்.எஸ்சி இரண்டு ஆண்டு, ஆங்கிலவழி. கட்டடக்கலைஞர்களும் பொறியாளர்களும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். பேராசிரியர் ஆக்கிம் மெங்கஸ் குழு ரோபோக்களால் நாரிழை சுற்றிச் செய்த பந்தல்கள் அங்கிருந்து வந்தவை. பார்சிலோனாவின் ஐயாக் நிறுவனத்தில் ரோபோட்டிக்ஸ் முதுகலை உண்டு. சூரிக் ஈடிஹெச்-இல் டிஜிட்டல் ஃபேப்ரிகேஷன் எம்ஏஎஸ் ஓராண்டு. ஆனால் எம்ஏஎஸ் என்பது தொடர்கல்வி வகை. முதுகலைக்கு இணையான பட்டத்தை நுழைவுக்கே கேட்பார்கள். ஐந்தாண்டு பி.ஆர்க் போதுமா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பணம் கட்டுங்கள்.

கட்டட இயற்பியலும் தொழில்நுட்பமும் மூன்றாவது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் பில்டிங் டெக்னாலஜி பிரிவு, இரண்டு ஆண்டு. உள்நாட்டில் திருச்சி என்ஐடி-யின் எம்.ஆர்க் ஆற்றல் சிக்கனக் கட்டடக்கலையில் இருக்கிறது. நிரல் எழுதுவது நான்காவது: எம்ஐடி-யின் எஸ்எம்ஆர்க்ஸ் கம்ப்யூட்டேஷன், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டேஷனல் டிசைன், லண்டன் யூசிஎல் பார்ட்லெட்டின் ஆர்க்கிடெக்சுரல் கம்ப்யூட்டேஷன். ஊரைவிட்டுப் போக முடியாதவர்களுக்கு ஐயாக் நடத்தும் மகாட் என்ற இணையவழி முதுகலை இருக்கிறது.

எதை எடுப்பது? உங்களை உறுத்தும் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "ஒழுங்கற்ற மரத்தை வைத்து ஒழுங்கான கூரை எப்படிப் போடுவது" என்றால் இரண்டாம் வகை. "வலைக்கூடத்துக்குள் பகல் இரண்டு மணிக்கு ஏன் உட்கார முடியவில்லை" என்றால் மூன்றாவது. கேள்வி எழுதவே வரவில்லை என்றால் விண்ணப்பத்தை ஓராண்டு தள்ளிப் போடுவது நல்லது. பெரிய பெயரைப் பார்த்துச் சேர்ந்து கடன் மட்டும் மிஞ்சிய கதைகள் இந்தத் துறையில் குறைவில்லை.

உள்நாட்டு எம்.ஆர்க் போதும் என்பவர்கள் கேட் தேர்வில் கட்டடக்கலைத் தாள் எழுத வேண்டும். கேட் தகுதியோடு ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற இடத்தில் சேர்ந்தால் மாதம் ரூ.12,400 உதவித்தொகைக்கு வழி உண்டு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு சீட்டா-பிஜி நுழைவுத் தேர்வு. பாடத்திட்டத்தில் 'டிஜிட்டல்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஸ்டூடியோ, லேசர் வெட்டும் இயந்திரம் மாணவர் கையில் கிடைக்குமா, போன ஆண்டு ஆய்வேடுகளின் தலைப்புகள் என்ன என்று விசாரியுங்கள்.

படி 3: கருவிகள்

முப்பரிமாண வடிவ மென்பொருளான ரைனோவும் அதற்குள் இருக்கும் கிராஸ்ஹாப்பரும்தான் அடித்தளம். ரைனோவை 90 நாள் முழு வசதியோடு இலவசமாகப் பயன்படுத்தலாம். அதற்குப் பின் சேமிக்க முடியாது, பிளகின்களும் (துணை நிரல்கள்) ஓடாது. ஆகவே சும்மா பார்ப்பதற்காக நிறுவி நாளை வீணடிக்காதீர்கள். களத் தரவு கைக்கு வந்த அன்று நிறுவுங்கள். மாணவர் உரிமம் காலாவதி ஆகாது. அடையாள அட்டை செல்லுபடியாகும்போதே, அதாவது கல்லூரியை விட்டு வெளியேறுமுன், வாங்கிவிடுங்கள். ரைனோ லினக்ஸில் ஓடாது. மேக்கில் ஓடும், ஆனால் சில பிளகின்கள் விண்டோஸுக்கு மட்டும். நினைவகம் 16 ஜிபி இருந்தால் நல்லது.

பிளகின்களில் மூன்று போதும்: வெயில், காற்றுத் தரவுக்கு லேடிபக், விசை சார்ந்த வடிவத்துக்கு டேனியல் பைக்கரின் கங்காரு, கட்டமைப்புக் கணக்குக்குக் கராம்பா. வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ், இலவசம். பைத்தான் அடிப்படை அவசியம். ரைனோ 8-இல் பைத்தான் 3 உள்ளேயே இருக்கிறது. முப்பது பிளகின்களை நிறுவி வைப்பவர்களுக்குக் கடைசியில் எது எதோடு மோதுகிறது என்று கண்டுபிடிக்கவே நேரம் போகும்.

புதுக் கோப்பைத் திறந்ததும் முதல் வேலை அலகைப் பார்ப்பது. மில்லிமீட்டர் கோப்பில் மீட்டர் எண்ணைப் போட்டால் 6 மீட்டர்க் கூடம் 6 மில்லிமீட்டர் ஆகும். திரையில் அது சரியாகவே தெரியும், டாலரன்ஸ் (மென்பொருள் பொறுத்துக்கொள்ளும் பிழை அளவு) மட்டும் விகிதத்துக்கு ஒவ்வாமல் போய் மூட்டுகள் ஒட்டாது. கூடம் அளவுக்கு மீட்டர், டாலரன்ஸ் 0.001 என்று வையுங்கள்.

படி 4: கரையின் தரவு

கியூஜிஐஎஸ்-இல் இடத்தை யூடிஎம் என்னும் மீட்டர் ஆய முறையின் 44 வடக்கு மண்டலத்தில், அதாவது இபிஎஸ்ஜி 32644-இல் வையுங்கள். தேவிபட்டினம் முதல் தனுஷ்கோடி வரை எல்லாம் இதில் அடங்கும். அந்த ஆயங்கள் லட்சக்கணக்கில் இருப்பதால் அப்படியே ரைனோவுக்குக் கொண்டுவந்தால் மூலப்புள்ளியிலிருந்து வெகுதூரத்தில் வடிவம் நின்று, மெஷ் (வலைப்பரப்பு) நடுங்கும், பூலியன் (வடிவங்களைக் கூட்டுவது, கழிப்பது) தோற்கும். ஒரு கல்லையோ கம்பத்தையோ சுழியம் என்று எடுத்து மொத்தத்தையும் அங்கே நகர்த்திவிட்டு, நகர்த்திய அளவைக் குறித்து வையுங்கள்.

நில உயரத்துக்கு விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த இலவச எஸ்ஆர்டிஎம் தரவை எடுப்பது எல்லோரும் செய்யும் தவறு. அதன் உயரப் பிழை பல மீட்டர்; இராமேசுவரம் தீவில் பல இடங்களின் மொத்த உயரமே அவ்வளவுதான். மணல்மேடு இல்லாத இடத்தில் மேடு காட்டும். ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்து 5 மீட்டர் இடைவெளியில் கட்டம் போட்டு அளந்தால் அரை நாள் வேலை. டிரோன் எண்ணமிருந்தால் உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருப்பதை மறக்க வேண்டாம்; அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் அனுமதி நிலையைப் பார்க்காமல் பறக்கவிட்டால் கருவியும் போகும், வழக்கும் வரும். சிறிய பொருளை முப்பரிமாண வடிவமாக்கக் கைபேசிப் படங்களே போதும்: வல்லம் என்ற நாட்டுப்படகு ஒன்றைச் சுற்றி 60, 70 படங்கள், ஒவ்வொன்றும் அடுத்ததோடு 70 விழுக்காட்டுக்கு மேல் பொருந்த வேண்டும். வெயில் ஏறுமுன் எடுங்கள். நனைந்து பளபளக்கும் பலகையில் மென்பொருளுக்குப் புள்ளி பிடிபடாது.

காலநிலைக் கோப்பு அடுத்தது. லேடிபக் படிக்கும் இபிடபிள்யூ கோப்பில் ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் வெப்பம், ஈரம், காற்று, கதிர்வீச்சு இருக்கும். அருகில் எந்த நிலையத்தின் கோப்பு இருக்கிறதென்று இணைய வரைபடத்தில் பாருங்கள். மதுரைக் கோப்பை எடுத்துப் பாம்பனுக்குப் போட்டால் ஈரப்பதமும் காற்றின் திசையும் இரண்டுமே பொய்யாகும். மதுரைக்குக் கடல்காற்று தெரியாது. காற்று வரைபடம் வந்ததும் கரையில் நாலு பேரிடம் காட்டுங்கள். கச்சான் எந்த மாதம் எந்தப் பக்கம், வாடை எப்போது மாறுகிறது என்று அவர்கள் சொல்வதோடு அது ஒத்துப்போகவில்லை என்றால் கோப்பின் மேல்தான் முதலில் சந்தேகம் வர வேண்டும். இன்னொன்று: இந்தக் கோப்புகள் வழக்கமான ஆண்டைக் காட்டுபவை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததுபோன்ற புயல் அவற்றில் இருக்காது. அன்றாட வசதிக்கு இபிடபிள்யூ, கூரை நிற்பதற்குக் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 பகுதி 3, இரண்டையும் கலக்காதீர்கள்.

வெயில் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். இராமேசுவரம் ஏறத்தாழ 9.28 பாகை வடக்கு. சித்திரை முதல் நாளை ஒட்டியும், மறுபடி ஆகஸ்ட் 29 வாக்கிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட நாலரை மாதம் அது வடக்குப் பக்கம். ஜூன் 21 நண்பகலில் வடவானில் 75.8 பாகை உயரம். டிசம்பர் 21-இல் தென்வானில் 57.3 பாகை. 1.5 மீட்டர் உயர சன்னலை நண்பகலில் முழுக்க நிழலில் வைக்க, தெற்கில் 96 சென்டிமீட்டர் நீட்டல் வேண்டும், வடக்கில் 38. வடக்குச் சுவருக்கு நிழல் தேவையில்லை என்று பாடநூல்கள் சொல்வது தில்லி போன்ற ஊர்களுக்கு ஓரளவு பொருந்தும், இங்கே பொருந்தாது. 96 சென்டிமீட்டர் சன்ஷேடைக் காற்று தூக்கும் என்பதால், அரை மீட்டர் இடைவெளியில் மூன்று பட்டைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 32 சென்டிமீட்டரில் முடிந்துவிடும். பாராமெட்ரிக் முறையில் செய்யக்கூடிய முதல் உருப்படியான பயிற்சி இதுதான்: பட்டை எண்ணிக்கை ஒரு ஸ்லைடர் (நகர்த்தி மாற்றும் எண்), ஆழம் தானாக வரும்.

லேடிபக்கில் நேர மண்டலம் 5.5. ஐந்து என்று போட்டால் சூரியன் அரை மணி, அதாவது 7.5 பாகை விலகும். இங்கே ஏப்ரல் நடுவில் உண்மையான நண்பகல் நம் கடிகாரப்படி 12.13 வாக்கில் வரும்; ஒரு குச்சியை நட்டு நிழலைப் பார்த்து மென்பொருளோடு ஒப்பிட்டுவிடலாம்.

படி 5: ஒரு பயிற்சித் திட்டம், வலை பின்னும் கூடம்

12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். இரண்டு இணைகோடுகள் வரைந்து கோட்டைச் சமமாகப் பிரிக்கும் டிவைட் கர்வ் கம்போனென்ட்டில் (கிராஸ்ஹாப்பர் பெட்டியில்) 12 என்று கொடுங்கள். 13 புள்ளிகள் வரும், பன்னிரண்டு அல்ல. எதிரெதிர்ப் புள்ளிகளைக் கேடனரி கம்போனென்ட்டில் இணைத்து, ஈர்ப்புத் திசையை மேல்நோக்கி வையுங்கள். தொங்கும் சங்கிலி தலைகீழாகி வளைவாக நிற்கும். நீளம் 8.04 மீட்டர் என்றால் உச்சி 2.38 மீட்டர் வர வேண்டும். வராவிட்டால் அலகிலோ திசையிலோ தவறு. மேலே போகாமல் அங்கேயே நின்று சரிசெய்யுங்கள்.

இனி எல்லா வளைவும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. சீரீஸ் கம்போனென்ட்டில் தொடக்கம் 7.4, படி 0.1, எண்ணிக்கை 13 என்று கொடுத்து அதை நீளத்தில் மாட்டினால், 1.91 மீட்டர் உச்சியில் தொடங்கி 2.76 மீட்டரில் முடியும் கூரை கிடைக்கும். தாழ்ந்த முனையைக் கச்சான் பக்கம், தென்மேற்கே திருப்புங்கள். அடியில் 1.2 மீட்டர்க் கால்கள் வைத்தால் ஓரத்திலிருந்து அரை மீட்டர் உள்ளே வந்ததும் பெரும்பாலோர் குனியாமல் நடக்கலாம்.

ஒவ்வொரு வளைவையும் நான்காகப் பிரித்தால் தலா 5 புள்ளி, 13 கிளைகளில் மொத்தம் 65. இங்கேதான் டேட்டா ட்ரீ, அதாவது தரவைக் கிளைகிளையாக அடுக்கும் முறை, பலரைக் கவிழ்க்கிறது. நீளவாட்டில் கைமரம் ஓட்ட ஃபிலிப் மேட்ரிக்ஸ் போட்டால் 13 கிளை × 5 புள்ளி என்பது 5 கிளை × 13 புள்ளி ஆகும். ஐந்து நேர்த்தியான கோடுகள் வரும். அவசரத்தில் ஃபிளாட்டன் போட்டால் 65 புள்ளிகளும் ஒரே பட்டியலாகி, ஒரே கோடு கூடம் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் ஓடும். இரு பட்டியல்களின் நீளம் வேறுபட்டால் கிராஸ்ஹாப்பர் பிழை காட்டாது. சின்னப் பட்டியலின் கடைசிப் பொருளையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதனால் முக்கியமான ஒவ்வொரு இடத்திலும் ஒரு பேனலையோ பாரம் வியூவரையோ மாட்டி எண்ணிக்கையைப் பாருங்கள். எண்ணிக்கை சரியா என்று பார்ப்பதில்தான் இந்த வேலையின் பாதி.

இப்போது கடினமான பகுதி. இந்த வடிவம் சரியா? தன் எடையை மட்டும் சுமக்கும் கனமான வளைவுக்குத் தொங்கு சங்கிலி பொருந்தும். ஸ்பெயின் கட்டடக்கலைஞர் கவுதி கொலோனியா குவெல் தேவாலயத்துக்குச் சங்கிலி மாதிரி செய்தது கல்லுக்கும் செங்கல்லுக்கும். ஓலையும் பனங்கையும் சதுர மீட்டருக்கு 0.3 கிலோநியூட்டன் என்று வைப்போம். வளைவுகள் மீட்டருக்கு ஒன்று என்பதால், 8.04 மீட்டர் வளைவு காலில் பக்கவாட்டில் தள்ளும் விசை 0.3 × 2.2, அதாவது 0.66 கிலோநியூட்டன். 2.2 என்பது அந்தக் கேடனரியின் அளவெண். 67 கிலோ எடைக்குச் சமமான தள்ளல். கால்களை ஒரு கட்டுக்கம்பியால் பிணைத்தால் தீர்ந்துவிடும். ஆனால் காற்று? ஐஎஸ் 875 தரும் சூத்திரம் 0.6 × வேகத்தின் வர்க்கம். நொடிக்கு 50 மீட்டர் என்று எடுத்தால் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், அதாவது 1.5 கிலோநியூட்டன். கூரையின் எடையைப்போல் ஐந்து மடங்கு. உறிஞ்சு விசைக் குணகங்கள் இந்த எண்ணைக் கூட்டும், குறைக்கும். ஆனாலும் கூரை கீழே விழுவதைவிட மேலே போகும் ஆபத்தே பெரிது என்பது மாறாது. ஆகவே வடிவத்தைவிட நங்கூரமே இந்தக் கூடத்தின் உயிர். கராம்பாவில் காற்றுச் சுமையையும் சேர்த்து ஓட்டி, அடித்தளத்தின் எடை எவ்வளவு வேண்டும் என்று காட்டுங்கள். கடல் துளி படும் இடத்துக் காங்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 தரநிலை எம்35 கலவையும் கம்பிக்கு மேல் 50 மில்லிமீட்டர் மூடலும் கேட்கிறது; அதையும் வெட்டுத்தோற்றத்தில் எழுதுங்கள். தொங்கு சங்கிலியைப் போட்டுவிட்டு அதன் எல்லையைச் சொல்லாத போர்ட்ஃபோலியோக்களைத் தேர்வாளர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சிறந்த விடையைத் தானே தேடும் கலபாகோஸ் போன்ற கருவியை ஓட்டும்போது ஒரு எச்சரிக்கை. "உள்ளே வெயில் குறைய வேண்டும்" என்று மட்டும் இலக்கு கொடுத்தால் அது கூரையைத் தரைவரை இறக்கிவிடும். வெயிலும் வராது, காற்றும் வராது. குறைந்தபட்ச உயரம், திறப்பின் பரப்பு இரண்டையும் தண்டனைப் புள்ளிகளாகச் சேர்த்த பிறகுதான் விடை பொருளுள்ளதாகும்.

இடம் கடற்கரை என்பதால் சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) 2019 அறிவிக்கையின்படி உங்கள் மனை எந்த வகையில் வருகிறது, உயர் அலைக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்று ஒரு சிறு வரைபடம் போடுங்கள். பயிற்சித் திட்டம்தானே என்று விடுபவர்கள் அதிகம்.

படி 6: கோணலான பனங்கை

இந்தக் கரையின் மாணவருக்கு மட்டும் கிடைக்கும் வாய்ப்பு இது. பனையை வெட்டத் தமிழ்நாட்டில் ஆட்சியரின் அனுமதி வேண்டும்; எனவே பழைய வீடு பிரித்த பனங்கைகள்தான் உங்கள் சரக்கு. ஒரு வீட்டுச் சரக்கில் எழுபது துண்டுகளை அளந்து அட்டவணை போடுங்கள்: நீளம், அடிமுனை அகலம், நுனி அகலம், நடுவில் எவ்வளவு வளைந்திருக்கிறது, பூச்சி அரித்த பகுதி எங்கே. பனையில் வெளிப்புறம்தான் வைரம், உள்ளே மென்மை. வெளிப்புறம் சிதைந்த துண்டைத் தள்ளிவிடுங்கள்.

கூடத்துக்கு 13 வளைவு × 4 துண்டு, 52 துண்டுகள் தேவை. வில் நீளம் 1.85 முதல் 2.15 மீட்டர் வரை, நேர்த்துண்டு அதைவிடச் சற்றுக் குறையும். எந்தத் துண்டு எந்த இடத்துக்கு? நீளவாரியாக அடுக்கி வரிசையாக ஒதுக்குவது எளிய வழி. அடுத்த கட்டம், ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு இடத்துக்கும் எவ்வளவு வீணாகும் என்று 70 × 52 அட்டவணை போட்டு, பைத்தானில் ஹங்கேரியன் அல்காரிதத்தைக் கொண்டு மொத்த வீணைக் குறைப்பது. மூட்டு வெட்ட இரு முனையிலும் எவ்வளவு கூடுதல் நீளம் விட வேண்டும் என்பதைத் தச்சரிடம் கேட்டு அட்டவணையிலேயே சேர்த்துவிடுங்கள். அதை மறந்தால் கணினி சொல்லும் ஒதுக்கீடு முழுக்கத் தளத்தில் குட்டையாகும். இருக்கும் சரக்கிலிருந்து வடிவமைப்பது இன்று பல ஆய்வகங்கள் உண்மையாகவே ஆராயும் பொருள். நோக்கக் கடிதத்தில் இது ஒரு பத்தியாக இருந்தால் மற்றவற்றைச் சுருக்கலாம்.

இரண்டாவது திட்டமாக வல்லத்தின் உடலை எடுக்கலாம். அரை மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு அளந்து, ரைனோவில் ஒவ்வொன்றையும் மூன்றாம் படிக் கோடாக, பத்துக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளோடு ரீபில்ட் (மறுவரைவு) செய்து, அதன்பின் அவற்றை ஒரே பரப்பாக இணைக்கும் லாஃப்ட் போடுங்கள். புள்ளி எண்ணிக்கை ஒன்றாக இல்லாவிட்டாலும், ஒரு கோட்டின் திசை மாறியிருந்தாலும் பரப்பு முறுக்கிக்கொள்ளும். வளைவின் அளவைக் காட்டும் கர்வேச்சர் கிராஃபைப் போட்டுப் பாருங்கள். படகு கட்டுபவர் கண்ணால் பார்த்தே சொல்லும் மேடுபள்ளம் அங்கே முள்ளாகத் தெரியும்.

படி 7: மாதிரி செய்தல்

1:20 அளவில் கூடம் 60 × 30 சென்டிமீட்டர். லேசரில் வெட்ட 3 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) வாங்குவீர்கள். கடலோர ஈரத்தில் அது 3.2 வரைகூட உப்பும், அப்போது 3.0 என்று வெட்டிய காடியில் (பொருத்தும் பள்ளத்தில்) ஏறாது. எனவே முதலில் ஒரு சோதனைச் சீப்பு வெட்டுங்கள்: 2.8 முதல் 3.3 வரை 0.1 இடைவெளியில் ஆறு காடிகள். எது இறுக்கமாகப் பொருந்துகிறதோ அந்த எண்ணை ஸ்லைடரில் போட்டுவிட்டு மீதியை வெட்டலாம். மதுரையில் வெட்டுவதானால் பலகையை அன்றே வெட்டி, பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள். முப்பரிமாண அச்சுக்கு பிஎல்ஏ இழை ஈரம் குடித்தால் அச்சிடும்போது வெடித்துச் சத்தமிடும், பரப்பு சொரசொரப்பாகும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பிஎல்ஏ 60 பாகை செல்சியஸ் வாக்கிலேயே இளகும் என்பதால் மாதிரியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட வேண்டாம்.

படி 8: போர்ட்ஃபோலியோ

பக்க எண்ணிக்கையும் கோப்பு அளவும் ஒவ்வொரு இடத்துக்கும் வேறு. அறிவிப்பைப் படித்து அதன்படியே செய்யுங்கள். மூன்று திட்டம் போதும். ஒவ்வொன்றிலும் தரவு எங்கிருந்து வந்தது, எந்த அளவுகள் மாறுகின்றன, எவை மாறா, எத்தனை வடிவங்களிலிருந்து எதைத் தேர்ந்தீர்கள், ஏன் என்ற நான்கும் தெரிய வேண்டும். கிராஸ்ஹாப்பர் திரையை அப்படியே படமெடுத்து ஒட்டுவது வீண். வண்ணக் கம்பிகளின் குவியலை யாரும் படிப்பதில்லை. அதே தர்க்கத்தை ஏழெட்டுப் பெட்டிகளில் மறுபடி வரையுங்கள். குழுவாகச் செய்ததில் உங்கள் பங்கு எது என்று எழுதுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியர்களிடம் குறைந்தது ஆறு வாரம் முன்பே, திட்டப் பக்கங்களோடு போய்க் கேளுங்கள். வெறுங்கையோடு கேட்டால் எல்லோருக்கும் எழுதும் அதே கடிதம்தான் வரும்.

படி 9: பணம், தாள்கள்

ஸ்டுட்கார்ட் கணக்கை எடுத்துக்காட்டாகப் போடுவோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் கல்விக் கட்டணம் பருவத்துக்கு 1,500 யூரோ; நான்கு பருவத்துக்கு 6,000. ஜெர்மன் விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதந்தோறும் ஒரு பகுதி மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ, மாதம் 992. இரண்டு ஆண்டு வாழ்க்கைச் செலவும் அதே அளவு என்று வைத்தால் 23,808. மொத்தம் 29,808 யூரோ; இதற்கு மேல் விமானம், காப்பீடு, பருவத்துக்குத் தனியாகக் கட்டும் நிர்வாகக் கட்டணம். இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்று (கல்விச் சான்றிதழ்களின் சரிபார்ப்பு) கட்டாயம். அது கிடைக்க வாரங்கள் ஆகும் என்பதால் மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் விண்ணப்பியுங்கள். பிரிட்டன் விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் மறுப்புதான்.

உதவித்தொகைகளில் ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பு கட்டடக்கலைப் பட்டதாரிகளுக்கென்றே தனித் திட்டம் வைத்திருக்கிறது. பிரிட்டன் அரசின் செவனிங்குக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையையும், தமிழ்நாட்டின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும் பாருங்கள். கல்விக் கடனில் ரூ.7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். கடற்கரைக் குடியிருப்புகளில் இங்கேதான் சிக்கல்: வீடு இருக்கும், பட்டா தாத்தா பெயரில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பட்டா மாற்றத்துக்கும் வில்லங்கச் சான்றுக்கும் இடச்சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு அலைந்தால் காலம் போதாது. விண்ணப்பிக்கும் மாதத்திலேயே வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

திரும்பி வந்து கல்லூரியில் கற்பிக்கும் எண்ணமிருந்தால் ஒரு விஷயம். 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்பதற்குச் செய்த உடன்பாட்டில் கட்டடக்கலை சேரவில்லை. 12 மாதப் படிப்பை எடுக்குமுன் இணைநிலைச் சான்று கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். நடைமுறைத் தொழில் செய்ய அந்த முதுகலை தேவையே இல்லை. 1972 கட்டடக்கலைஞர் சட்டப்படி பதிவுக்கு உங்கள் பி.ஆர்க் போதும். அந்தப் பதிவைக் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் விமானம் ஏறுமுன் முடித்துவிடுங்கள். வெளியூரிலிருந்து அசல் சான்றிதழ்களை அனுப்பி வாங்குவது பெரும் தலைவலி.